சிசிஎன்பி தேர்வுக்குத் தனியாகப் படிப்பவர்கள் கேட்டவை

நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனம் நெட்வொர்க் பொறியாளர்களுக்குத் தரும் சிசிஎன்பி என்டர்பிரைஸ் சான்றிதழுக்குப் பயிற்சி மையம் போகாமல் தாங்களே படிக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டோம்.

கேள்வி: சிசிஎன்ஏ (சிஸ்கோவின் தொடக்கநிலைச் சான்றிதழ்) முடித்துவிட்டு மூன்று வருடமாக ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் கண்காணிப்புப் பிரிவில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு எட்டு, ஒன்பது மணி நேரம்தான் படிக்கக் கிடைக்கும். சிசிஎன்பிக்கு எத்தனை மாதம் ஒதுக்க வேண்டும்? எங்கே தொடங்குவது?
(கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: இரண்டு தேர்வுகள் எழுத வேண்டும். முதலாவது என்கோர் எனப்படும் அடிப்படைத் தேர்வு. எண் 350-401, 120 நிமிடம், கட்டணம் 400 டாலர். இரண்டாவது நீங்கள் தேர்ந்தெடுக்கும் சிறப்புப் பாடம். 90 நிமிடம், 300 டாலர். வரி தனி. 2020 பிப்ரவரியில் இந்த முறை வந்தபிறகு சிசிஎன்ஏ கட்டாயமில்லை என்றாலும், உங்களிடம் அது இருப்பது பெரிய பலம்.

உங்கள் நேரக் கணக்குக்கு என்கோருக்குப் பதினைந்து வாரம், சிறப்புப் பாடத்துக்குப் பத்து முதல் பன்னிரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் சுமார் ஆறு மாதம். மூன்று மாதத்தில் இரண்டையும் முடிக்கலாம் என்பவர்களின் அட்டவணை உங்கள் வேலை நேரத்தைக் கணக்கில் எடுத்தது அல்ல.

முதல் வாரம் புத்தகம் எதையும் திறக்காதீர்கள். சிஸ்கோ தளத்திலிருந்து அன்றைக்கு நடப்பில் உள்ள பாடத்திட்டத்தை இறக்கி அச்செடுங்கள். வயர்லெஸ் போன்ற பகுதிகள் பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறுவதால் பழைய நகலை நம்பக் கூடாது. ஒவ்வொரு வரியும் எந்த வினைச்சொல்லில் தொடங்குகிறது என்று பாருங்கள். ‘விவரி’ என்றால் கருத்து புரிந்தால் போதும். ‘கான்ஃபிகர் செய்து சரிபார்’ என்றால் கீபோர்டில் கை பழக வேண்டும். ‘ட்ரபிள்ஷூட்’ என்றால் வேறொருவர் கெடுத்துவைத்ததை நீங்கள் சரிசெய்ய வேண்டும். மூன்றுக்கும் மூன்று நிறத்தில் கோடு போடுங்கள். ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று பாதை சொல்லிக்கொள்ளும் நெறிமுறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். என்கோரின் 1.1 பதிப்பில் அவற்றில் இஐஜிஆர்பியை ஓஎஸ்பிஎஃபோடு ஒப்பிடத் தெரிந்தால் போதும். ஓஎஸ்பிஎஃபை கான்ஃபிகர் செய்ய வேண்டும். பிஜிபியில் நேரடியாக இணைந்த இரு ரவுட்டர்களுக்கு இடையிலான ஈபிஜிபி மட்டும்தான். இந்த வித்தியாசம் தெரியாமல் என்கோருக்கே ரூட் ரிஃப்ளெக்டர் வரை தோண்டி ஆறு வாரத்தைத் தொலைப்பவர்கள் நிறையப் பேர்.

அதே 1.1 பதிப்பில் மதிப்பெண் பங்கு இப்படி: இன்ஃப்ராஸ்ட்ரக்சர் 30 சதவீதம், செக்யூரிட்டி 20, ஆர்க்கிடெக்சர் 15, ஆட்டோமேஷன் 15, வர்ச்சுவலைசேஷன் 10, நெட்வொர்க் அஷ்யூரன்ஸ் 10. இரண்டாவது வாரம் லேப், அதாவது கணினியில் ஓடும் பயிற்சி நெட்வொர்க், அமைக்க. மூன்றிலிருந்து எட்டு வரை இன்ஃப்ராஸ்ட்ரக்சர். ஒன்பதும் பத்தும் செக்யூரிட்டி, அஷ்யூரன்ஸ். பதினொன்று, பன்னிரண்டில் ஆர்க்கிடெக்சரும் வர்ச்சுவலைசேஷனும். பதின்மூன்றில் ஆட்டோமேஷனை ஒன்றுதிரட்டுங்கள். ஆனால் அதைத் தொடுவதே அந்த வாரம்தான் என்று இருக்கக் கூடாது. மூன்றாம் வாரத்திலிருந்தே நாளுக்குப் பதினைந்து நிமிடம் பைத்தான் நிரல்மொழியும் ஜேசன் தரவு வடிவமும் பார்த்து வரவேண்டும். கடைசி இரண்டு வாரத்தில் புதுப் பாடம் எதுவும் வேண்டாம்.

ஷிஃப்ட் வேலை என்பதால் ‘திங்கள் ஓஎஸ்பிஎஃப், செவ்வாய் எஸ்டிபி’ என்று கிழமைக் கணக்கில் போடாதீர்கள். இரவு ஷிஃப்ட் வாரத்தில் அது முதல் நாளே குலைந்துவிடும். வாரத்துக்கு ஐந்து அமர்வு, அமர்வுக்கு 90 நிமிடம், அவை எந்த நாளில் விழுந்தாலும் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஒரு மணி நேரம் விட்டுப்போன அமர்வை ஈடுகட்ட. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த காலையில் புதுப் பாடம் ஏறாது. அந்த நாட்களில் ஏற்கெனவே செய்த லேபைத் திரும்பச் செய்யலாம்.

ஒரு அமர்வுக்குள்: முதல் பத்து நிமிடம் போன முறை படித்ததை வெற்றுத் தாளில் எழுதிப் பாருங்கள். அடுத்த 25 நிமிடம் வாசிப்பு அல்லது வீடியோ. அதற்கடுத்த 45 நிமிடம் லேப். கடைசிப் பத்து நிமிடம் பிழைக் குறிப்பேட்டுக்கு. அதில் நான்கு பத்தி போதும்: என்ன அறிகுறி தெரிந்தது, எதைச் சந்தேகப்பட்டேன், உண்மைக் காரணம் என்ன, எந்தக் கமாண்ட் அதைக் காட்டிக்கொடுத்தது. இரண்டாவது பத்திதான் முக்கியம். நாலு மாதம் கழித்துப் புரட்டினால், நீங்கள் எப்போதும் தவறாகச் சந்தேகப்படும் இடம் எது என்று அது சொல்லிவிடும்.

கேள்வி: என்னிடம் 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் இருக்கிறது. ரிச்சி தெருவில் பழைய ரவுட்டர், சுவிட்ச் வாங்கினால் நல்லதா, லேப்டாப்பை மாற்றுவது நல்லதா?
(சென்னை வாசகர்)

பதில்: பழைய பெட்டிகளை வாங்காதீர்கள். மலிவாகக் கிடைக்கும் 2811 வகை ரவுட்டர்கள் சிஸ்கோவின் ஐஓஎஸ் இயங்குதளத்தில் 15.1-க்கு மேல் போகாது. ஸ்கிரிப்ட் மூலம் கருவியை அமைக்க உதவும் ரெஸ்ட்கான்ஃப், நெட்கான்ஃப் எதுவும் அதில் ஓடாது. விசிறிச் சத்தத்தில் ஒரே அறையில் உட்கார்ந்து படிக்கவும் முடியாது. அந்தப் பணத்தில் லேப்டாப்பை 16 ஜிபி ஆக்குங்கள். 32 என்றால் இன்னும் நல்லது. எஸ்எஸ்டி கட்டாயம்.

ரவுட்டர்களைக் கணினியிலேயே ஓட்டும் மென்பொருளில் மூன்று வழி. முதலாவது சிஸ்கோவே விற்கும் சிஎம்எல். தனிநபர் பதிப்பு வருடத்துக்கு 199 டாலர், ஒரே நேரத்தில் 20 நோடு (ரவுட்டர், சுவிட்ச் போன்ற கருவி) ஓடும். ஐந்து நோடு வரை ஓடும் இலவசப் பதிப்பும் உண்டு. இதன் பெரிய வசதி, ரவுட்டர் இமேஜ்கள் (ரவுட்டரின் மென்பொருள் கோப்புகள்) உரிமத்தோடு கூடவே வருவது. இரண்டாவது ஈவ்-என்ஜி கம்யூனிட்டி பதிப்பு. மூன்றாவது ஜிஎன்எஸ்3. இவை இரண்டும் இலவசம், ஆனால் சிஸ்கோ இமேஜ் இவற்றோடு வராது. முறையாக அதைப் பெறும் வழி உங்களுக்கு இருக்க வேண்டும். பேக்கெட் ட்ரேஸர் சிசிஎன்ஏவுக்குச் செய்யப்பட்டது. சிசிஎன்பியில் வரும் டிஎம்விபிஎன் (கிளைகளை மையத்தோடும் ஒன்றோடொன்றும் டனல் வழியே இணைக்கும் முறை) போன்றவற்றுக்கு அது போதாது.

ராம் கணக்கு: ஐஓஎஸ்வி ரவுட்டருக்கு 512 எம்பி, ஐஓஎஸ்வி-எல்2 சுவிட்ச்சுக்கு 768 எம்பி. ரெஸ்ட்கான்ஃப் பழகத் தேவையான கேட்டலிஸ்ட் 8000வி ஒன்றுக்கே 4 ஜிபி. எனவே 8 ஜிபியில் நான்கைந்து சின்ன ரவுட்டர்களோடு ஓஎஸ்பிஎஃப், பிஜிபி பழகத் தொடங்கலாம். மூன்று மாதம் அது தாங்கும். 8000வி தேவைப்படும்போது உங்கள் கணினியில் ஏற்ற வேண்டாம். சிஸ்கோவின் டெவ்நெட் சேண்ட்பாக்ஸில் ஐஓஎஸ்-எக்ஸ்ஈ கருவி இலவசமாகவே கிடைக்கிறது.

அமைக்கும்போது வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில. பயாஸில் வர்ச்சுவலைசேஷன் அணைத்திருக்கும், அதை இயக்க வேண்டும். விண்டோஸில் ஹைப்பர்-வி அல்லது கோர் ஐசொலேஷன் இயங்கிக்கொண்டிருந்தால் விஎம்வேருக்குள் இருக்கும் ரவுட்டர்கள் பூட் ஆகவே பத்து நிமிடம் எடுக்கும். சிலருக்கு ஆகவே ஆகாது. எம் வகை சிப் உள்ள மேக்கில் இந்த இமேஜ்கள் நேரடியாக ஓடாது. கடைசியாக, நோடை நிறுத்தும் முன் ரன்னிங் கான்ஃபிகைச் சேமியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கட்டிய லேப் ஒரே கிளிக்கில் போய்விடும்.

கேள்வி: தனியாகப் படிக்கிறேன். ட்ரபிள்ஷூட்டிங் பழகச் சொல்கிறார்கள். நானே லேபைக் கெடுத்து நானே சரிசெய்தால், எதைக் கெடுத்தேன் என்பது எனக்குத் தெரியுமே! அப்புறம் என்ன பயிற்சி?
(மதுரை வாசகர்)

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். தனியாகப் படிப்பவர்களின் உண்மையான குறை இதுதான். நேரம் போதாமை இரண்டாம்பட்சம்.

ஆறு ரவுட்டர் கொண்ட ஒரே ஒரு டோபாலஜியை (இணைப்பு அமைப்பை) நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக ஓடும் நிலையில் கான்ஃபிகை ஒரு கோப்பில் சேமியுங்கள். பாடம் படிக்கும்போதே, அந்தப் பாடத்தில் கெட்டுப்போகக்கூடிய ஒன்றைத் தனி உரைக் கோப்பாக எழுதி வையுங்கள். இரண்டு, மூன்று வரி போதும்: ஒரு இன்டர்ஃபேஸின் எம்டியுவை (ஒரு பேக்கெட்டின் அதிகபட்ச அளவை) மாற்றுவது, ஏரியா எண்ணை மாற்றுவது, ரூட்-மேப்பில் கடைசிப் பெர்மிட் வரியை நீக்குவது, ஏசிஎல்லில் (அனுமதிப் பட்டியலில்) பிஜிபி பயன்படுத்தும் டிசிபி 179-ஐ மறிப்பது. கோப்புக்குப் பெயராக எண் மட்டும் கொடுங்கள். இப்படி நாற்பது சேரட்டும். மூன்று வாரம் கழித்து, கண்ணால் பார்க்காமலேயே சீரற்ற முறையில் இரண்டு கோப்பைத் தேர்ந்து ரவுட்டரில் ஏற்றும் சின்னப் பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதுங்கள். ஆட்டோமேஷன் பாடத்துக்கும் அது பயிற்சி. மூன்று வாரத்தில் நாற்பதில் எது ஏறியது என்று உங்களால் ஊகிக்க முடியாது. இரண்டு பிழை ஒன்றின்மேல் ஒன்று விழும்போது, எழுதியவருக்கே அறிகுறி புதிதாக இருக்கும். உடன் படிக்கும் நண்பர் ஒருவர் கிடைத்தால் கோப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு ஈடு வேறில்லை.

இன்னொரு பழக்கம். எந்த ஷோ கமாண்டையும் தட்டும் முன் திரையில் என்ன வரும் என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு என்டர் அழுத்துங்கள். எழுதியதும் வந்ததும் ஒன்றாக இருந்தால் அந்தப் பாடம் உங்களுடையது. வித்தியாசப்பட்டால் அன்றைக்குப் படிக்க வேண்டிய பாடம் அதுதான். கமாண்டை மனப்பாடம் செய்து தட்டி, வருவதைப் பார்த்துத் தலையாட்டுவதில் படிப்பு நடப்பதில்லை.

கேள்வி: இரண்டு ரவுட்டருக்கு இடையில் ஓஎஸ்பிஎஃப் நெய்பர் ஃபுல் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் ரூட்டிங் டேபிளில் ஒரு ரூட்டும் இல்லை. இரண்டு நாளாகப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.
(திருச்சி வாசகர்)

பதில்: இரண்டு பக்கமும் ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர் போட்டு ஸ்டேட் பத்தியை ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் ஃபுல் என்பதற்குப் பின்னால் டிஆர் (அந்த நெட்வொர்க்கின் பிரதிநிதி ரவுட்டர்) அல்லது பிடிஆர் (அதன் மாற்று) என்றும், மறுபக்கம் ஃபுல் என்பதற்குப் பின்னால் வெறும் கோடும் இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். அப்படியென்றால் ஒரு முனை பிராட்காஸ்ட் வகை, மறுமுனை பாயின்ட்-டு-பாயின்ட் வகை.

இரண்டு வகைக்கும் ஹலோ 10 வினாடி, டெட் 40 வினாடி. நேரம் பொருந்துவதால் சண்டையே இல்லாமல் ஃபுல் வரை போய்விடும், எல்எஸ்ஏ எனும் இணைப்பு விவரங்களின் பரிமாற்றமும் நடக்கும். சிக்கல் அடுத்த படியில். பிராட்காஸ்ட் முனை தன் ரவுட்டர் எல்எஸ்ஏயில் ‘நான் ஒரு நெட்வொர்க்கில் இணைந்திருக்கிறேன்’ என்று எழுதுகிறது. பாயின்ட்-டு-பாயின்ட் முனை ‘நான் நேராக அந்த ரவுட்டரோடு இணைந்திருக்கிறேன்’ என்று எழுதுகிறது. எஸ்பிஎஃப் எனும் குறும்பாதைக் கணக்குப் போடும்போது, ஒருவர் சொல்லும் இணைப்பை மற்றவரும் அதே வகையில் சொல்கிறாரா என்று பார்க்கும். சொல்லாவிட்டால் இணைப்பே இல்லை என்று ஒதுக்கிவிடும். ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸ் ரவுட்டர் போட்டால், எதிர் ரவுட்டரின் எல்எஸ்ஏ அருகே ‘அட்வர்டைசிங் ரவுட்டரை எட்ட முடியவில்லை’ என்ற பொருளில் ஒரு குறிப்பு நிற்கும். டேட்டாபேஸில் இருக்கிறது, டேபிளில் இல்லை என்றால் முதலில் அந்த வரியைத் தேடுங்கள். இரு முனையிலும் நெட்வொர்க் வகையை ஒன்றாக்கினால் தீர்ந்தது.

இதன் பங்காளி இன்னொன்று: நெய்பர் எக்ஸ்ஸ்டார்ட், எக்ஸ்சேஞ்ச் நிலைகளில் நின்றுவிடுவது. பெரும்பாலும் எம்டியு வேறுபாடு. டேட்டாபேஸ் விவரப் பேக்கெட்டில் இன்டர்ஃபேஸ் எம்டியு எழுதப்பட்டிருக்கும், தன்னுடையதைவிடப் பெரிதாக இருந்தால் ரவுட்டர் அதை நிராகரிக்கும். சாதாரண பிங் போய்விடும், அதனால் லிங்க் நன்றாக இருக்கிறது என்று ஏமாந்துவிடுவோம். 1500 பைட் அளவும் டிஎஃப் பிட்டும் (பேக்கெட்டை உடைக்காதே என்ற குறி) வைத்துப் பிங் செய்யுங்கள். எம்டியு-இக்னோர் போட்டால் நெய்பர் எழுந்துவிடும்தான். ஆனால் பாதையில் உண்மையிலேயே எம்டியு சிறிதாக இருந்தால் பின்னால் பெரிய அப்டேட் வரும்போது லோடிங்கில் நிற்கும். அளவைச் சரிசெய்வதே மருந்து.

கேள்வி: சிறப்புப் பாடமாக எதை எடுப்பது? எனார்சி கடினம் என்கிறார்களே!
(சிங்கப்பூர் வாசகர்)

பதில்: ரூட்டிங் வேலையில் இருப்பவர்கள் மேம்பட்ட ரூட்டிங் பாடமான எனார்சி, அதாவது 300-410 எடுக்கலாம். லேயர் 3 35 சதவீதம், சர்வீசஸ் 25, விபிஎன் 20, செக்யூரிட்டி 20. கடினம்தான், ஆனால் அன்றாட வேலைக்கு நேராகப் பயன்படும் பாடம் இதுவே. எஸ்டி-வான் (கிளை இணைப்புகளை மென்பொருளால் நிர்வகிக்கும் முறை) வைத்திருக்கும் நிறுவனத்தில் இருந்தால் 300-415 பொருந்தும். எம்பிஎல்எஸ் லேயர் 3 விபிஎன் எனார்சியில் ‘விவரி’ அளவில்தான் இருக்கிறது. கான்ஃபிகர் செய்ய வேண்டியது டிஎம்விபிஎன், அதுவும் ஒரே ஹப் வைத்து. எம்பிஎல்எஸ் லேபைக் கட்டிக்கொண்டு ஒரு மாதம் உட்கார வேண்டாம்.

அதிகம் பேர் விழும் குழி ரீடிஸ்ட்ரிபியூஷன், அதாவது ஒரு நெறிமுறை கற்ற ரூட்டுகளை இன்னொன்றுக்குள் தருவது. இதை விரிவாகச் சொல்லிவிடுகிறோம். ஓஎஸ்பிஎஃப், இஐஜிஆர்பி இரண்டுக்கும் நடுவில் ஆர்1, ஆர்2 என்ற இரண்டு எல்லை ரவுட்டர்கள், இருபுறமும் ரீடிஸ்ட்ரிபியூட் செய்கின்றன. இஐஜிஆர்பி பக்கம் எக்ஸ்டெர்னலாக ஒரு ரூட் பிறக்கிறது. அதன் அட்மின் டிஸ்டன்ஸ் (எந்த வழியை நம்புவது என்று ரவுட்டர் பார்க்கும் எண்) 170. ஆர்1 அதை ஓஎஸ்பிஎஃபுக்குள் தள்ளுகிறது. ஆர்2-க்கு அதே ரூட் இரண்டு வழியில் வருகிறது: இஐஜிஆர்பி வழியாக 170, ஓஎஸ்பிஎஃப் வழியாக 110. சிறியது வெல்லும், எனவே ஆர்2 ஓஎஸ்பிஎஃபை நம்பிச் சுற்றுவழியைப் பிடிக்கிறது. அதோடு நிற்காமல் அந்த ஓஎஸ்பிஎஃப் ரூட்டை மறுபடி இஐஜிஆர்பிக்குள் கொட்டுகிறது. அப்போது கொடுத்த மெட்ரிக் அசலைவிட நன்றாக இருந்தால் லூப். இன்டெர்னல் ரூட்டுகளின் டிஸ்டன்ஸ் 90 என்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. சில ரூட் மட்டும் கெட்டு மற்றவை ஒழுங்காக இருப்பதால்தான் குழப்பம் அதிகம்.

ரூட்டுக்கு டேக் (அடையாள எண்) போடுவது எல்லாருக்கும் தெரிந்த மருந்து: ஆர்1 ஓஎஸ்பிஎஃபுக்குள் தள்ளும்போது டேக் 10 இடட்டும், ஆர்2 இஐஜிஆர்பிக்குத் தள்ளும்போது டேக் 10 உள்ளதை மறுக்கட்டும். எதிர்த்திசைக்கும், ரவுட்டர்களை மாற்றிப்போட்டும் அதேபோல. லூப் நின்றுவிடும். ஆனால் ஆர்2 சுற்றுவழியில் போவது நிற்காது, ஏனென்றால் அதன் டேபிளில் இன்னும் 110-தான் வென்றுகொண்டிருக்கிறது. அதற்கு ஆர்1, ஆர்2 இரண்டிலும் ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்டெர்னல் டிஸ்டன்ஸை 170-க்கு மேல், 180 என்று வைக்க வேண்டும். டேக் வேலை வேறு, டிஸ்டன்ஸ் வேலை வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு எனார்சியின் பாதி பாரம் குறைந்துவிடும். ஓஎஸ்பிஎஃபை இஐஜிஆர்பிக்குள் தள்ளும்போது மெட்ரிக் கொடுக்க மறந்தால் ரூட் எதுவும் போகாது, பிழைச் செய்தியும் வராது. அதையும் உங்கள் நாற்பது கோப்பில் ஒன்றாகச் சேருங்கள்.

கேள்வி: டிஎம்விபிஎன் லேபில் ஹப்பில் (மைய ரவுட்டரில்) இஐஜிஆர்பி நெய்பர் எழுகிறது, ஒன்றரை நிமிடத்தில் ‘ரீட்ரை லிமிட்’ என்று சொல்லி விழுகிறது. ஸ்போக்கில் (கிளை ரவுட்டரில்) நெய்பரே தெரியவில்லை.
(யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: ஹப்பின் டனல் இன்டர்ஃபேஸில் என்எச்ஆர்பி மல்டிகாஸ்ட் டைனமிக் வரி (ஸ்போக்குகளுக்கு மல்டிகாஸ்ட் அனுப்பச் சொல்லும் வரி) இருக்கிறதா பாருங்கள். ஸ்போக் அனுப்பும் மல்டிகாஸ்ட் ஹலோ ஹப்புக்கு வருகிறது. அதனால் ஹப் நெய்பரைப் பதிவுசெய்து யூனிகாஸ்டில் அப்டேட் அனுப்புகிறது. ஹப்பின் ஹலோவோ ஸ்போக்குக்குப் போகவில்லை. அறிமுகமே இல்லாதவரிடமிருந்து வந்த அப்டேட்டை ஸ்போக் தள்ளிவிடுகிறது. ஹப் 16 முறை முயன்று கைவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் நெய்பர் தெரிந்தாலே ஒருவழி மல்டிகாஸ்ட் என்று சந்தேகப்படலாம்.

அந்த வரி இருந்தும் இரண்டு பக்கமும் எழுந்து எழுந்து விழுந்தால் காரணம் வேறு: வான் இன்டர்ஃபேஸின் நெட்வொர்க்கையும் இஐஜிஆர்பியில் சேர்த்திருப்பீர்கள். எதிர்முனையின் வான் முகவரிக்கே டனல் வழியாகப் பாதை கிடைத்து, டனல் தனக்குள் தானே போக முயலும். வான் இன்டர்ஃபேஸை இஐஜிஆர்பிக்கு வெளியே வைத்து, டீஃபால்ட் ரூட்டை ஸ்டாட்டிக்காகக் கொடுங்கள். டனலில் ஐபி எம்டியு 1400, டிசிபி எம்எஸ்எஸ் 1360 வைப்பது வழக்கம். ஹப் வழிகாட்ட ஸ்போக்குகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் ஃபேஸ் 3-க்கு ஹப்பில் ரீடைரக்ட், ஸ்போக்கில் ஷார்ட்கட்.

கேள்வி: புரோகிராமிங் வாசனையே கிடையாது. ஆட்டோமேஷன் 15 சதவீதத்தை விட்டுவிட்டு மற்றதில் சமாளிக்க முடியுமா?
(சேலம் வாசகர்)

பதில்: வேண்டாம். உழைப்புக்கு அதிக மதிப்பெண் தரும் பகுதி அது. புரோகிராம் எழுதச் சொல்ல மாட்டார்கள். கொடுத்த ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்று படிக்கத் தெரிந்தால் போதும்.

ஜேசனில் பார்க்க வேண்டியவை: கடைசி உறுப்புக்குப் பின் கமா இருந்தால் தவறு, ஒற்றை மேற்கோள் தவறு. பைத்தானில் ட்ரூ என்பதன் முதல் எழுத்து பெரியது, ஜேசனில் எல்லாம் சின்ன எழுத்து. நெட்கான்ஃப் எஸ்எஸ்எச் மேல், போர்ட் 830, எக்ஸ்எம்எல் மட்டும். ரெஸ்ட்கான்ஃப் எச்டிடிபிஎஸ் மேல், எக்ஸ்எம்எல் அல்லது ஜேசன். ரெஸ்ட்கான்ஃப் கட்டளைகளில் புட் பழையதை அகற்றிப் புதியதை வைக்கும், பேட்ச் சேர்த்துவிடும். லேபில் புட் கொடுத்து இன்டர்ஃபேஸின் விவரங்களை இழந்து ஒருமுறை பாருங்கள், மறக்காது. பதில் எண்களில் 204 என்பது வெற்றி, உள்ளடக்கம் இல்லை என்பது மட்டுமே செய்தி. 401 அடையாளம் செல்லவில்லை, 403 அனுமதி இல்லை.

இஇஎம் ஆப்லெட்டில் (ரவுட்டருக்குள்ளேயே தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பில்) ஒரு நுணுக்கம் பலரைக் கவிழ்க்கிறது. ஆக்‌ஷன் எண்களை ரவுட்டர் எண்ணாக அல்ல, எழுத்தாக வரிசைப்படுத்தும். எனவே 10.0 என்ற வரி 2.0-க்கு முன்னால் ஓடும். 010, 020 என்று எழுதிப் பழகுங்கள். முதல் கமாண்ட் எனேபிள் ஆக இருக்க வேண்டும்.

கேள்வி: என்கோரில் தோற்றுவிட்டேன். இன்ஃப்ராஸ்ட்ரக்சரில் 50 சதவீதம், வர்ச்சுவலைசேஷனில் 30. எதில் கவனம் வைப்பது? எப்போது மறுபடி எழுதலாம்?
(திருநெல்வேலி வாசகர்)

பதில்: தோற்ற மறுநாளிலிருந்து ஐந்து நாள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஆறாம் நாளே எழுதாதீர்கள். ஐந்து, ஆறு வாரம் எடுங்கள்.

30 என்ற எண்ணைப் பார்த்து வர்ச்சுவலைசேஷனில் பாயத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அதை 30-லிருந்து 80 ஆக்கினால், பங்கு 10 சதவீதம் என்பதால் மொத்தத்தில் 5 கூடும். இன்ஃப்ராஸ்ட்ரக்சரை 50-லிருந்து 80 ஆக்கினால் பங்கு 30, கூடுவது 9. சிஸ்கோ ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு என்றோ, தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்றோ வெளியிடுவதில்லை. எனவே இது தோராயம்தான், ஆனால் எங்கே கை வைப்பது என்று சொல்ல இது போதும். முதல் நான்கு வாரம் இன்ஃப்ராஸ்ட்ரக்சர், பிறகு ஒரு வாரம் வர்ச்சுவலைசேஷனில் வரும் விஆர்எஃப், ஜிஆர்ஈ, லிஸ்ப், விஎக்ஸ்லான்.

தேர்வு முடிந்த அன்றே, எந்தத் தலைப்புகளில் தடுமாறினீர்கள் என்று உங்களுக்காகக் குறித்து வைத்திருந்தால் நல்லது. தலைப்பை மட்டும். கேள்விகளை எழுதிப் பகிர்வது ஒப்பந்த மீறல். நேரத்தையும் யோசியுங்கள்: ஒரு கேள்வியைக் கடந்தால் திரும்பி வர முடியாது. லேப் வகைக் கேள்வி ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் தராதீர்கள். முடித்ததும் கேட்டிருந்தால் கான்ஃபிகைச் சேமித்துவிட்டு நகருங்கள்.

கேள்வி: டம்ப்ஸ் (தேர்விலிருந்து கசிந்த கேள்வி-விடைத் தொகுப்பு) படித்தால் போதும் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள்.
(ஓசூர் வாசகர்)

பதில்: கூடாது. பிடிபட்டால் சிஸ்கோ சான்றிதழை ரத்து செய்யலாம், மேற்கொண்டு எழுதவும் தடை விதிக்கலாம். பிடிபடாவிட்டாலும் நேர்காணலில் ‘நெய்பர் எக்ஸ்ஸ்டார்ட்டில் நிற்கிறது, என்ன பார்ப்பீர்கள்?’ என்ற ஒரே கேள்வியில் தெரிந்துவிடும். டம்ப்ஸில் தவறான விடைகளும் ஏராளம். அவற்றை மனப்பாடம் செய்பவருக்குத் தவறு என்றே தெரியாது.

கேள்வி: வீட்டிலிருந்து எழுதுவது நல்லதா, மையத்தில் எழுதுவதா? என் ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக. எதைக் கொடுப்பது?
(தஞ்சாவூர் வாசகர்)

பதில்: மையத்துக்குப் போங்கள். வீட்டில் மின்சாரம் போனாலோ, யாராவது அறைக்குள் வந்துவிட்டாலோ தேர்வு நின்றுவிடும். மையத்தில் அழிக்கக்கூடிய எழுதுபலகையும் தருவார்கள். வீட்டில் காகிதத்துக்கு அனுமதியில்லை, திரையில் உள்ள பலகையில் மவுஸால் சப்நெட் போட வேண்டும்.

பெயர் விஷயம் நம்மவர்கள் பலருக்குச் சிக்கல். தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் கணக்கில் உள்ள பெயரும், தேர்வன்று காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். பாஸ்போர்ட்டைக் காட்டப் போகிறீர்கள் என்றால், அதில் சர்நேம் இடத்தில் எது அச்சாகியிருக்கிறதோ அதையே சர்நேமாகவும், கிவன் நேமை அப்படியேயும் பதியுங்கள். இனிஷியலாகச் சுருக்காதீர்கள். தவறாகப் பதிந்திருந்தால் தேர்வுக்குச் சில நாள் முன்பே அவர்களிடம் எழுதித் திருத்துங்கள். வாசலில் திருத்த முடியாது, கட்டணமும் திரும்பாது. சான்றிதழிலும் அந்தப் பெயரே அச்சாகும்.

கேள்வி: சிசிஎன்பி முடித்தபின் சிஸ்கோவின் அடுத்த நிலையான சிசிஐஈ போகலாமா? சான்றிதழ் எத்தனை வருடம் செல்லும்?
(துபாய் வாசகர்)

பதில்: என்கோரில் தேறியவர் சிசிஐஈ என்டர்பிரைஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் லேப் தேர்வுக்கு அப்போதே தகுதி பெற்றுவிடுகிறார். லேப் எட்டு மணி நேரம்: முதல் மூன்று மணி வடிவமைப்பு, அடுத்த ஐந்து மணி அமைத்தல், இயக்குதல், சீர்படுத்தல். தோற்றால் அடுத்த முயற்சிக்கு 30 நாள் இடைவெளி வேண்டும். எனார்சியை உண்மையாகப் படித்தவருக்கும் இது தனி மலை. குறைந்தது ஒன்றரை வருடம் ஒதுக்க முடிந்தால் யோசியுங்கள்.

சிசிஎன்பி மூன்று வருடம் செல்லும். புதுப்பிக்க ஒரு அடிப்படைத் தேர்வு, அல்லது இரண்டு சிறப்புப் பாடம், அல்லது 80 தொடர்கல்விப் புள்ளி, அல்லது ஒரு சிறப்புப் பாடமும் 40 புள்ளியும். சிசிஎன்பியைப் புதுப்பித்தால் உங்கள் சிசிஎன்ஏவும் சேர்ந்தே நீளும். முதல் தேர்வு தேறிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் இரண்டாவதையும் முடிக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். என்கோரை முடித்துவிட்டு வேலை மாற்றம், கல்யாணம் என்று தள்ளிப்போட்டவர்கள் அந்தத் தேதியை இன்றைக்கே கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.